இரண்டு இருபத்தொன்று

"கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சிரும்" என்றார் டீச்சர். "நாலு மணிக்கு ஸ்கூல்ல போடப் போறேன். நீங்கதான் வீணா வெயில்ல அலைஞ்சு வந்திருக்கீங்க."

மணி பதினொன்று. அலைந்தது என்னவோ நான்தான். என் அக்கா பஸ்ஸில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து வந்தாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் நின்று வந்தேன். இறங்கும்போது என் செருப்பு வார் வேறு அறுந்து தொலைந்தது. இந்த நாள் உருப்படாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் பிழை திருத்தினாள். இப்போது தாளில் உள்ள பிழைகளை விட்டுவிட்டு மனிதர்கள் செய்யும் பிழைகளைத் தேடுகிறாள். ஊருக்கு அவள் பிழையக்கா. நான் அவள் தம்பி. பஸ் கண்டக்டராக இருந்து, முழங்கால் தேய்ந்து, வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். பை தூக்குவதும் திட்டு வாங்குவதும் இப்போது என் உத்தியோகம்.

டீச்சர் வேதியியல் டீச்சர். இருபத்தொன்பது வருட சர்வீஸ். காலையில் அவருடைய தங்கை போன் செய்து, "எங்கக்கா செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடப் போறா, வந்து தடுங்க" என்று அழுததால் வந்தோம். சாப்பாட்டு மேஜைமேல் அந்தக் கடிதம் இருந்தது. 'தேர்வு அறையில் மாணவர்களுக்கு விடையைச் சொல்லிக் கொடுத்தது நான்தான்' என்று குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"கேள்வி என்ன டீச்சர்?" என்று அக்கா கேட்டாள்.

"ஆர்கான், பொட்டாசியம். ஒவ்வொரு அணுவிலயும் புரோட்டான் எத்தனை, எலக்ட்ரான் எத்தனை, நியூட்ரான் எத்தனை. அவ்வளவுதான்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. என் தம்பிக்குப் புரியணும்னு அவசியம் இல்ல."

"அணு எண்தான் புரோட்டான். ஆர்கானுக்குப் பதினெட்டு. எலக்ட்ரானும் அதே பதினெட்டு. நிறை எண் நாப்பது. நாப்பதுலருந்து பதினெட்டைக் கழிச்சா இருபத்திரண்டு. அது நியூட்ரான். பொட்டாசியத்துக்கு அணு எண் பத்தொம்பது, நிறை எண் முப்பத்தொம்பது. அப்ப நியூட்ரான் இருபது." இதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பாரோ, கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"எலக்ட்ரான் ஓடினாத்தானே கரண்ட்? அது ஓடறதுக்கு ஒரு கண்டக்டர் வேணும்ல?" என்றேன். "நானும் கண்டக்டர்தான் டீச்சர். என் வண்டியில ஏறினதெல்லாம் டிக்கெட் எடுக்காத ஆளுங்க."

டீச்சர் லேசாகச் சிரித்தார். அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள்.

"பி பிரிவுல மொத்தமே பதினஞ்சு பேர்" என்று டீச்சர் தொடர்ந்தார். "அதுல பதினாலு பேர் ரெண்டுக்குமே நியூட்ரான் இருபத்தொண்ணுன்னு எழுதியிருக்காங்க. ரெண்டும் தப்பு. பதினாலு தலைக்குள்ள ஒரே தப்பு எப்படி வரும், யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும்னு விசாரணை அதிகாரி சொல்றார். அன்னிக்குப் பரீட்சை ஹால் ஜன்னல்கிட்ட போய் நின்னவ நான் ஒருத்திதான்."

"ஏன் நின்னீங்க?"

"ஒரு பொண்ணு மூக்குக் கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டா. அவங்கம்மா கேட்டுல நின்னு பொலம்பினாங்க. வாங்கி அவகிட்ட குடுத்தேன்."

"விடை சொல்லித் தரணும்னா சரியான விடையைச் சொல்ல மாட்டாங்களா?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"சந்தேகம் வராம இருக்க வேணும்னே தப்பாச் சொன்னேனாம்." டீச்சர் கடிதத்தை நேராக்கி வைத்தார். "நான் ஒத்துக்கிட்டா என் வேலை போகும், நிறுத்தி வச்சிருக்கற பிள்ளைங்க ரிசல்ட்டை விட்டுருவாங்க. ஒத்துக்கலேன்னா பதினாலு பேருக்கும் ஒரு வருஷம் போச்சு. அதுல நாலு பிள்ளைங்களை அடுத்த வருஷம் வீட்டுல படிக்க அனுப்ப மாட்டாங்க, எனக்குத் தெரியும். நான் களைச்சுப் போயிட்டேன்மா. பழியை நானே தூக்கிட்டுப் போறேன்."

குற்றச்சாட்டு நோட்டீஸோடு விடைத்தாள்களின் நகலும் இணைத்திருந்தார்கள். அக்கா பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நான் அறுந்த வாருக்கு ஒரு ஊசி கிடைக்குமா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன்.

"டேய், இங்க பாரு."

ஒரு பையன் முப்பத்தொன்பது குச்சி போட்டு, அதில் பதினெட்டை அடித்திருந்தான். ஒரு பெண் முதலில் பத்தைக் கழித்து, பிறகு எட்டைக் கழித்திருந்தாள். இன்னொருவன் தப்பாகக் கழித்து, அடித்துவிட்டு, மறுபடி கழித்திருந்தான்.

"விடையைக் காதுல ஓதியிருந்தா இவன் எதுக்குடா குச்சி போட்டு எண்றான்?" என்றாள் அக்கா. "இருபத்தொண்ணை யாரும் சொல்லிக் குடுக்கல. ஆளாளுக்குக் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. கழிச்சது சரி. எதுலருந்து கழிச்சாங்களோ அதுதான் தப்பு. ஆர்கானுக்கு முப்பத்தொம்பது, பொட்டாசியத்துக்கு நாப்பதுன்னு வச்சிருக்காங்க. ரெண்டு எண்ணும் இடம் மாறிப் போச்சு. எங்க தொழில்ல தினம் பத்து பாப்போம்."

"அந்த ரெண்டு எண்ணையும் ஜன்னல்ல நின்னு நீங்கதான் சொன்னீங்கம்பார் அதிகாரி" என்றார் டீச்சர், அசையாமல்.

"சொல்லட்டும். சரியான விடைக்கு விலாசம் கிடையாது டீச்சர். எந்தப் புத்தகத்துல வேணாலும் இருக்கும். தப்பான விடைக்கு விலாசம் உண்டு. அது எங்கயோ ஒரே ஒரு இடத்துலதான் இருக்கும்." பென்சில் நோட்டீஸில் இருந்த பதிவெண் பட்டியலில் இறங்கி நின்றது. "நூத்தி ஏழுலருந்து நூத்தி இருபத்தொண்ணு வரைக்கும் வரிசையா வருது. நடுவுல நூத்திப் பதிமூணு விட்டுப்போச்சு. யாரு அது?"

டீச்சர் நிமிர்ந்தார். "அவதான். கண்ணாடி குடுத்த பொண்ணு. அவ மட்டும் சரியா எழுதியிருக்கா."

"ஜன்னல்ல உங்ககிட்ட பேசினது அவ ஒருத்திதான். அவளுக்கு மட்டும் தப்பு வரல." அக்கா எழுந்தாள். "டேய், பையை எடு."

செருப்பு வாருக்கு ஊசி கேட்க எனக்கு நேரம் தரவில்லை.

கண்ணாடிக்காரியின் வீடு நாலாவது மாடியில் இருந்தது. லிப்டில் 'பலுது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். 'பழுது'க்குப் போட வேண்டிய 'ழு'வை 'லு' ஆக்கியிருந்ததை அக்கா நின்று திருத்திவிட்டுத்தான் படியேறினாள். என் முழங்கால் மூன்றாவது மாடியிலேயே ராஜினாமா செய்துவிட்டது.

அவள் அம்மா தையல் மிஷினில் இருந்தாள். பெண் கதவோரம் நின்றாள். மூக்கில் கண்ணாடி இல்லை.

"டீச்சர் ஜன்னல்ல என்னம்மா சொன்னாங்க?" என்றாள் அக்கா.

"'மூக்கு மேல வை, பையில வைக்காதே'ன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி. சத்தியமா."

"கண்ணாடியை மறந்துட்டியா?"

பெண் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "வேணும்னேதான் வச்சிட்டுப் போனேன். போட்டா கிண்டல் பண்றாங்க. பேப்பர் கிட்டத்துல எனக்கு நல்லாத் தெரியும். தூரத்துல இருக்கறதுதான் மசமசன்னு இருக்கும்."

"அடிப்பாவி!" என்று மிஷின் நின்றது. "வருஷம் பூரா போடாமலா இருந்தே?"

"வகுப்புல எங்க உக்காருவே?" அக்கா விடவில்லை.

"கடைசி பெஞ்சு."

"அப்ப ஆர்கானுக்கு எத்தனை, பொட்டாசியத்துக்கு எத்தனைன்னு எப்படிப் படிச்சே?"

"வீட்டுல புத்தகத்தைப் பாத்து மனப்பாடம் பண்ணினேன். மத்தவங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. கணக்குப் போடும்போதெல்லாம் போர்டுக்கு மேல அண்ணாந்து பாத்துக்குவாங்க. எனக்குத்தான் தெரியாதே."

"போர்டுக்கு மேல என்ன இருக்கு?"

"சுவர்ல எழுதியிருக்கு ஆன்ட்டி. முதல் இருபது தனிமமும் வரிசையா, பெயிண்ட்ல. ஏ பிரிவுல கடையில வாங்கின படம் தொங்கும். எங்களுக்குச் சுவர்தான்."

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு வலி, வெயில், பசி எல்லாம் ஒரு நிமிடம் மறந்துவிட்டது. அந்த ஒரு நிமிடம்தான். பிறகு நாலு மாடி இறங்க வேண்டியிருந்தது.

பள்ளியில் விடுமுறை. வாட்ச்மேன் சாவிக்கொத்தைத் தேடி, பி பிரிவின் கதவைத் திறந்து, மின்விசிறியையும் போட்டுவிட்டார். கரும்பலகைக்கு மேலே பார்த்தோம்.

சுவர் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

"லீவுல எல்லா வகுப்புக்கும் சுண்ணாம்பு அடிச்சாச்சுங்க" என்றார் வாட்ச்மேன். "பத்து நாள் ஆச்சு. வருஷா வருஷம் அடிக்கறதுதான்."

அக்கா முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. மணி ஒன்று ஐம்பது. அவளுக்கும் வயது ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது என்பது சில சமயம்தான் ஞாபகம் வரும்.

"விலாசம் கண்டுபிடிச்சோம், வீட்டை இடிச்சிட்டாங்க" என்றேன்.

"வாயை மூடுடா." நான் மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "டீச்சர் எழுத்து குண்டு குண்டா இருக்கும். சுவர்ல அவங்களே ஏறியா எழுதியிருப்பாங்க?"

"அது பெயிண்டர் எழுதினதுங்க" என்றார் வாட்ச்மேன். "டீச்சர் காகிதத்துல எழுதிக் குடுத்தாங்க, அவர் சுவர்ல எழுதினார். பஸ் டிப்போ பின்னால இருக்கார், வண்டிக்கெல்லாம் நம்பர் எழுதறவர்."

பெயிண்டர் ஒரு லாரியின் பின்பலகைக்கு எதிரே மணையில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டை முடித்துக்கொண்டிருந்தார். எட்டு முடியும்வரை நாங்கள் வாய் திறக்கவில்லை. டிப்போவில் நான் வேலை பார்த்த காலத்தில் என் வண்டிக்கு நம்பர் எழுதியவரும் இவர்தான், ஆனால் அவருக்கு வண்டிதான் ஞாபகம் இருந்தது, என்னை இல்லை.

பிழை என்ற சொல்லையே அக்கா எடுக்கவில்லை. "பள்ளிக்கூடத்துச் சுவர்ல நீங்க எழுதினதை எல்லாரும் அப்படிப் புகழறாங்களே!" என்று ஆரம்பித்தாள்.

பெயிண்டரின் முகம் மலர்ந்தது. "இருபது கட்டம்மா. ரெண்டு நாள் வேலை. எழுத்துன்னா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கணும். என்கிட்ட ஒரு பழக்கம், கண்ணை மூடிக்கிட்டு எழுத மாட்டேன். குடுத்த மேட்டரைப் படிச்சுப் பாப்பேன். கடைக்காரங்க எவ்வளவு தப்பா எழுதிக் குடுப்பாங்க தெரியுமா? நான்தான் சரி பண்ணி எழுதுவேன்." குரலைத் தாழ்த்தினார். "டீச்சரே ஒரு எடத்துல தப்பு விட்டிருந்தாங்கன்னா பாத்துக்குங்களேன்."

அக்கா சாதாரணமாக, "அப்படியா?" என்றாள்.

"ஆமாங்கறேன். கீழ இருக்கற நம்பர் எல்லாம் ஏறிக்கிட்டே வருது. முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு, முப்பத்தஞ்சு, நாப்பது. அப்புறம் பாத்தா முப்பத்தொம்பது! மறுபடி நாப்பது. நல்லா ஏறிட்டு வந்தது நடுவுல எப்படி எறங்கும்? அவசரத்துல மாத்தி எழுதிட்டாங்க. பெரியவங்க தப்பை நாலு பேர் எதிர்ல சொல்லலாமா? நானே சத்தம் போடாம மாத்திட்டேன். முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பது."

"அவங்க எழுதிக் குடுத்த சீட்டு இருக்கா?"

"இருக்காமலா? பின்னாடி எவனாவது வந்து எழுத்து தப்புன்னு சண்டை போட்டா காட்ட வேணாமா?" சுவரில் ஒரு நீளக் கம்பி. அதில் குத்தியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். பத்து நிமிடத்தில் அது வந்தது. குண்டு குண்டான எழுத்து. ஆர்கான் நாற்பது, பொட்டாசியம் முப்பத்தொன்பது. இரண்டையும் சுற்றி, பெயிண்டருடைய பச்சைப் பேனாவில், இடம் மாற்றச் சொல்லி ஒரு வளைவு. என் அக்கா வாழ்நாள் பூராவும் அச்சுத்தாளில் போட்ட அதே வளைவு.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

பெயிண்டர் தூரிகையைக் கீழே வைத்தார். "அது தப்பில்லையா?"

"தப்பில்ல அண்ணே. மேல இருக்கற அணு எண்தான் வரிசை. புரோட்டான் ஒண்ணொண்ணாக் கூடும். நியூட்ரான் அப்படி வரிசைக்குக் கட்டுப்படாது. அந்த எடத்துல எறங்கத்தான் செய்யும்."

"பதினாலு பிள்ளைங்களா?" என்றார். "டீச்சர் வேலையுமா?" அப்புறம் அவரே சட்டையை மாட்டி, தூரிகையை வேட்டி மடிப்பில் செருகி, ஒரு பெயிண்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டார்.

நாங்கள் பள்ளிக்குள் நுழைந்தபோது மணி நாலு அடிக்க ஐந்து நிமிடம். தலைமையாசிரியர் அறையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். எதிரே விசாரணை அதிகாரி. அவருக்கும் அன்றைக்கு அது மூன்றாவது விசாரணை. சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. மேஜைமேல் கடிதம், கடிதத்தின்மேல் பேனா.

அக்கா நடந்ததைச் சொல்லிச் சீட்டை நீட்டினாள். அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாவமாத்தான் இருக்கு மேடம். ஆனா இந்தச் சீட்டை நேத்துகூட உக்காந்து எழுதியிருக்கலாமே? சுவர்ல அப்படித்தான் இருந்துச்சுங்கறதுக்கு என்ன ஆதாரம்? சுவர்தான் வெள்ளையா இருக்கே."

அக்கா சீட்டைத் திரும்ப வாங்கி இரண்டு பக்கமும் தேதி தேடினாள்; இல்லை. டீச்சர் பேனாவை எடுத்துவிட்டார்.

"சார்" என்றார் பெயிண்டர், வாசலிலிருந்து. "நான் எழுதினது எனாமல் பெயிண்ட். அதுமேல சுண்ணாம்பு ஒட்டவே ஒட்டாது. சும்மா பூசின மாதிரி நிக்கும். ஒரு ஈரத்துணி குடுங்க."

எல்லோரும் பி பிரிவுக்குப் போனோம்; டீச்சர் கையில் கடிதமும் பேனாவும் அப்படியே இருந்தன. பெயிண்டர் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினார். துணி கிடைக்காததால் அதிகாரியே தன் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தார். நாலு தேய்ப்பு. சுண்ணாம்பு பால் பாலாக வழிந்தது. உள்ளேயிருந்து நீல எழுத்து மேலே வந்தது. ஆர்கான். மேலே பதினெட்டு. கீழே முப்பத்தொன்பது. பக்கத்துக் கட்டத்தில் பொட்டாசியம், பத்தொன்பது, நாற்பது.

அதிகாரி விரல்விட்டுக் கழித்துப் பார்த்தார். "இருபத்தொண்ணு" என்றார். "இதுவும் இருபத்தொண்ணு."

"சுவர்தான் சார் சொல்லிக் குடுத்திருக்கு" என்றேன். "அதுகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிருங்க."

அதிகாரி சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார். "ரிசல்ட்டை நாளைக்கே விடச் சொல்றேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் மார்க் வராது. உங்க மேல எதுவும் இல்ல டீச்சர்."

டீச்சர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அண்ணாந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"ஒரு வருஷம் பூரா இது என் தலைக்கு மேலயே இருந்திருக்கு. நான் பிள்ளைங்க பக்கம் திரும்பி, இதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நின்னிருக்கேன். நான் எழுதிக் குடுத்ததுதானேன்னு ஒரு நாள்கூட ஏறெடுத்துப் பாக்கல."

பெயிண்டர் பெஞ்சிலிருந்து இறங்கவில்லை. "என்னை மன்னிச்சிருங்க டீச்சர். நான் எட்டாவதோட நின்னவன். வந்து கேக்க வெக்கமா இருந்துச்சு."

"கேட்டிருக்கலாம்ல?" என்றார் டீச்சர். கோபம் இல்லை, ஆதங்கம்தான். "ஏறிட்டு வந்தது ஏன் எறங்குதுன்னு இருபத்தொம்பது வருஷத்துல என்னை ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்ல. உங்களுக்குத்தான் அது கண்ணுல பட்டுருக்கு. வந்து கேட்டிருந்தா எவ்வளவு சந்தோஷமாச் சொல்லிக் குடுத்திருப்பேன்!"

பெயிண்டர் வேட்டி மடிப்பிலிருந்து தூரிகையை எடுத்தார். "இப்பவே மாத்திடறேன் டீச்சர். மேட்டர் எழுதிக் குடுங்க."

டீச்சர் காகிதம் தேடினார். கையில் இருந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான். அதைத் திருப்பிப் போட்டு, முதல் பெஞ்சில் வைத்து, பின்பக்கம் எழுதினார். ஆர்கான் நாற்பது. பொட்டாசியம் முப்பத்தொன்பது.

பெயிண்டர் வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு திருப்பி நீட்டினார். "இந்தத் தடவை கீழ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க டீச்சர். நான் ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டேன்."

டீச்சர் அவரைப் பார்த்தார், அப்புறம் எங்களைப் பார்த்தார். அந்தக் கடிதத்துக்கென்று எடுத்த அதே பேனாவால், நாலு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில், கையெழுத்துப் போட்டார்.

"தேதியும் போடச் சொல்லுடா" என்றாள் அக்கா.